சாணார்பட்டி பஸ்ஸில் வந்த நைட்ரஜன்

எம்.எஸ்சி. கடைசி ஆண்டில் என் புராஜெக்ட் ஒரு கறுப்பு வில்லை. இட்ரியம், பேரியம், செம்பு சேர்மங்களை அரைத்து, அழுத்தி, உலையில் சுட்டது. மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் மீக்கடத்தியாக அது ஆகியிருந்தால், திரவ நைட்ரஜனில் குளிர்ந்ததும் ஒரு சிறு காந்தத்தை அந்தரத்தில் நிறுத்தும். மறுநாள் வைவா. நான் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

கல்லூரியில் நைட்ரஜன் இல்லை. மாடுகளுக்குச் சினை ஊசி போடும் கால்நடை ஆஸ்பத்திரியில், விந்தை உறைநிலையில் வைத்திருக்க, இருந்தது. சாணார்பட்டிப் பக்கத்து டாக்டர் என் பிளாஸ்கில் ஊற்றித் தந்து, "மூடிய இறுக்காதம்மா, ஆவி போகணும்" என்றார்.

திண்டுக்கல் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், கேட்காமலே பிளாஸ்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் மடியில் ஏற்கெனவே யாருடையதோ ஸ்கூல் பை. டிக்கெட் எடுத்துத் திரும்புவதற்குள் மூடியை நன்றாக இறுக்கியிருந்தார்.

"சிந்திரும்ல பாப்பா."

பாய்ந்து மூடியைத் திருகித் திறந்தேன். புஸ்ஸென்று வெண்புகை.

"பஸ்ஸுல பொகை!" யாரோ அலற, விசில் அடித்தது, வண்டி நின்றது. கண்டக்டர் கத்தினார். "எறங்கும்மா மொதல்ல! என்னத்தக் கொண்டாந்து ஏத்தியிருக்க?"

இறங்கினால், அடுத்த பஸ் வருவதற்குள் எல்லாம் ஆவியாகிவிடும்.

"மாட்டாஸ்பத்திரி நைட்ரஜன்ணே. வெறும் குளுருதான். நாளைக்கிப் பரீச்ச."

"எந்த மாட்டுக்கு?" என்றார் பின்சீட்டுப் பெரியவர்.

"மாட்டுக்கில்லய்யா, ஒரு வில்லைக்கு."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை. அக்காவோ பிளாஸ்கை விடவில்லை.

"மூடுனது நானு. எறக்குறதுன்னா என்னையும் சேத்து எறக்குப்பா. இம்புட்டுப் புகைக்கா பயப்படுற? உன் வண்டி விடாத புகையா?"

ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிவிட்டு, "ரைட்" என்றார் கண்டக்டர். மூடியைச் சும்மா மேலே வைத்து, திண்டுக்கல் வரை அசையாமல் பிடித்திருந்தார் அக்கா.

ஆய்வகத்தில் தெர்மோகோல் கிண்ணத்தில் ஊற்றினேன். வில்லை மூழ்கும் அளவுக்கே மிச்சம். கொதிப்பு அடங்கியதும் இடுக்கியால் காந்தத்தை வில்லைக்கு மேலே அந்தரத்தில் விட்டேன். நின்றது. இடையில் ஒரு தாளை நுழைத்து எடுத்தேன், அப்போதும் நின்றது. திரவம் தீர்ந்து சற்று நேரத்தில் மெல்ல இறங்கி வில்லையில் உட்கார்ந்தது.

"நாளைக்கி ஏன் மிதக்குதுன்னு கேட்டா என்னடி சொல்லுவ?" என்றாள் உடனிருந்த தோழி.

"எலக்ட்ரான் ஜோடி சேருதும்பேன்."

"ஒண்ண ஒண்ணு தள்ளுறது எப்படிச் சேரும்?"

"இந்தப் பொருள்ல அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதும்பேன்."

"மார்க்கக் கொறைப்பாங்கடி."

"கொறைக்கட்டும். மிதந்துச்சுல்ல?"