எல்லோருக்கும் தெரிந்த ஹெட்மாஸ்டர்

கோச் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டீமுக்கு?" என்பதுதான். அக்காவுக்கு அது பழகிப்போயிருந்தது. "டீமுக்கு இல்லைங்க, ஆளுக்கு" என்பார். கேட்டவர் முகம் தெளியாவிட்டால், "வேலையிலயோ வீட்டுலயோ ஒரு முடிவெடுக்க முடியாம முட்டிக்கிட்டு நிக்கிறவங்க வருவாங்க. நான் கேள்வி கேப்பேன். அவங்களே யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சுக்குவாங்க" என்று விளக்குவார். கணவர் பக்கத்தில் இருந்தால் முந்திக்கொள்வார். "இவ தொழிலே கோச்சுக்காம கேக்குறதுதாங்க. வீட்டுல மட்டும் அதுக்கு லீவு."

அக்கா வெகுகாலம் ஒரு கால் சென்டரில் பயிற்சி மேற்பார்வையாளராக இருந்தவர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தருவது அவர் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணமா, வீடு மாற்றமா, பிள்ளைக்கு இருமலா, யாரும் கேட்காமலேயே யோசனை வந்து விழும். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் அட்வைஸ் அக்கா. கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது வேலையும் போனது. அதற்குப் பிறகுதான் கோச்சிங் படிக்கப் போனார். அட்வைஸ் சொல்லவே கூடாத ஒரு தொழிலை இவர் படிக்கிறார் என்று கேள்விப்பட்டு மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாய் வாலை நிமிர்த்தக் கிளம்பிட்டாங்கப்பா."

வால் ஓரளவு நிமிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கிளையண்டுகள் மெல்ல மெல்ல வந்தார்கள். ஆனால் இது தனிமையான தொழில். மூடிய அறையில் ஒருவர் வாழ்க்கையைக் கேட்டுவிட்டு, கேட்ட கேள்வி சரிதானா என்று யாரிடமும் கேட்க முடியாமல் எழுந்து வர வேண்டும். கூடப் படித்தவர்களுக்கும் அதே குறை. அதனால் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை தன் வீட்டு முன்னறையில் கூடலாம் என்று அக்கா அழைத்தார்.

ஆளுக்கொரு பிரச்சினையைக் கொண்டுவர வேண்டும். பேர் சொல்லக் கூடாது, ஆளை அடையாளம் தெரியாமல் மாற்றிச் சொல்லலாம். மற்றவர்கள் தீர்ப்பு சொல்லக் கூடாது. அந்த கிளையண்டிடம் கேட்க ஒரு நல்ல கேள்வியைத் தேடித்தர வேண்டும். அறையில் பேசியது அறையோடு. இவ்வளவுதான் ஏற்பாடு.

அக்காவின் கணவர் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவர். முன்னறை அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக இருக்கும். முதல் கூட்டத்தன்று அதைத் துணி போட்டு மூட மறந்துவிட்டார்கள். மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்து கோச் ஆனவரை எல்லோரும் சேல்ஸ் என்பார்கள். உள்ளே நுழைந்ததும் அவர் சொன்னார்: "என்னக்கா, இத்தனை பேரு வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒருத்தரும் பேச மாட்டேங்குறாங்க. நம்ம கிளையண்டுங்க மாதிரியே இருக்காங்களே!" அந்தச் சிரிப்பில் குழு ஒட்டிக்கொண்டது.

வழக்கமாக வருகிறவர்களில் இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒரு பெண்மணி பெரிய நிறுவனத்தின் ஊழியர் நலப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் தவறினால், பேச்சு விதியை மீறினால், கையைத் தூக்குவார். அதனால் அவர் சட்டம். அவருக்கும் அந்தப் பேர் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மற்றவர் நகர நீச்சல் குளத்தில் பயிற்சி தருகிற மாஸ்டர். அகலத் தோள், அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். காலையில் குளம், மாலையில் கோச்சிங்.

மாஸ்டர் கொண்டுவந்த கிளையண்ட்தான் அந்த ஹெட்மாஸ்டர்.

மனைவியை இழந்த ஒரு தலைமை ஆசிரியர். ஒரே மகள் அவர் பள்ளியிலேயே படித்தவள். மகளுக்குச் சலுகை காட்டுவதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று மற்ற பிள்ளைகளைவிட அவளிடம் இரண்டு பங்கு கறாராக இருந்தார். பள்ளியில் அப்பா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. இப்போது மகள் வளர்ந்து ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பேச்சு கிடையாது. தவிர்க்க முடியாமல் பேச நேர்ந்தால், வீட்டிலும் சார்தான். "சார், கேஸ் தீந்துபோச்சு." "சார், உங்களுக்கு போன்."

அந்த "சார்" எல்லோரையும் பிடித்துக்கொண்டது. மாதா மாதம் வந்து உட்கார்ந்ததும் சேல்ஸ் கேட்பார்: "நம்ம ஹெட்மாஸ்டர் எப்படி இருக்காரு?" மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார். மகள் சமையலறைக்குள் வந்தால் ஹெட்மாஸ்டர் ஏதாவது கேட்டுவிடுகிறாராம். ஏன் லேட், யார் போனில், சாப்பிட்டாயா. அவள் பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறாளாம். அம்மாவின் புடவையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாளாம்.

ஒரு முறை சேல்ஸ்தான் கேள்வியைத் தேடித்தந்தார். "அவருகிட்ட இப்படிக் கேளுங்க மாஸ்டர். மகள்கிட்ட ஒரு கேள்வியும் கேக்காம எவ்வளவு நாள் இருக்க முடியும் உங்களால?"

அடுத்த மாதம் மாஸ்டர் வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம். "வாயை மூடிக்கிட்டு இருந்தாராம். மொத வாரம் ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒரு நாள் அவளே வந்து, கடையில ஒரு கஸ்டமர் பண்ண கூத்தைச் சொன்னாளாம். இவரு கரண்டியைக் கையில பிடிச்சபடியே நின்னுக்கிட்டு இருந்தாராம், அசையக்கூட பயம்." சட்டம் கையைத் தூக்கவில்லை, கைதட்டினார்.

மழைக்கால ஞாயிறு ஒன்றில் கூட்டம் முடியும் நேரத்துக்கு மழை கொட்டத் தொடங்கியது. மாஸ்டர் பைக்கில் வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே ஒரு சின்ன கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெண் குடையோடு இறங்கி வந்தாள். வாசலில் அக்கா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் குடையை மாஸ்டர் பக்கம் நீட்டி, "மாஸ்டர், போலாமா?" என்றாள்.

"என் பொண்ணு" என்றார் மாஸ்டர், யாரையும் பார்க்காமல்.

கார் போன பிறகு அக்கா வாசலிலேயே நின்றார். மகள் நீச்சல் பழகிய குளத்தில் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டவர் யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பினால் சட்டம், ஒரு காலில் செருப்போடு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சட்டத்திடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஹெட்மாஸ்டர்னு ஒருத்தரு கிடையாது."

"கிடையாதுன்னு எப்படிச் சொல்றது? ஆளை மாத்திச் சொல்லலாம்னு நாமதானே சொன்னோம்."

"கிளையண்டை மாத்திச் சொல்லலாம். தன்னைக் கிளையண்டா மாத்தலாமா? ஒரு வருஷமா நம்மளை உக்கார வெச்சு..." பாதியில் நிறுத்திவிட்டு நிதானமாக, "நீங்கதான் நடத்துறீங்க. நீங்க கேளுங்க. இல்லன்னா நான் கேப்பேன்" என்றார்.

அக்காவின் கணவர் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்தபடி விஷயத்தைக் கேட்டார். "பாவம், அந்த மனுஷன் எங்க போயி சொல்லுவாரு? விட்டுத் தள்ளு" என்றார். விட்டுத் தள்ளலாம் என்றுதான் அக்காவுக்கும் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது. அது சட்டத்தின் கோபம் இல்லை. கேட்டில் குடையோடு நின்ற அந்தப் பெண்ணின் முகம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போவது, கதவைச் சாத்துவது, அம்மாவின் புடவையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வது எல்லாம் தனக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

புதன்கிழமை அக்கா குளத்துக்குப் போனார். பிள்ளைகளின் வகுப்பு முடிந்திருந்தது. குளோரின் வாடை மூக்கில் ஏறியது. மாஸ்டர் மிதவைக் கயிற்றை இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் கயிற்றை அப்படியே விட்டுவிட்டார்.

"தெரிஞ்சிடுச்சுல்ல?" என்றார்.

இருவரும் ஈரமான சிமென்ட் படியில் உட்கார்ந்தார்கள்.

"ஏன் மாஸ்டர், நேராவே சொல்லியிருக்கலாமே? நாங்க கேட்டிருக்க மாட்டோமா?"

"கேட்டிருப்பீங்க. ஆனா பாவம் பாத்துக் கேட்டிருப்பீங்க. ஹெட்மாஸ்டர்னா ஒருத்தருக்கும் தயவு தாட்சண்யம் இல்ல. அன்னிக்கி சேல்ஸ் சொன்னாரு, 'இவரு மகளை வளர்க்கல, மார்க் போட்டுக்கிட்டு இருந்திருக்காரு'ன்னு. என் மூஞ்சிக்கு நேரா அதைச் சொல்லியிருப்பாரா? அதைக் கேட்டுட்டுப் போயி நான் ரெண்டு நாள் தண்ணியில இறங்கல அக்கா."

அக்கா வழியெல்லாம் ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். திறந்த கேள்வி, பதிலை உள்ளே ஒளித்து வைக்காத கேள்வி, பாடத்தில் சொன்ன மாதிரி. அது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. வேறொன்று வந்தது.

"அந்த வீட்டுல நடக்கிறது எங்க எல்லாருக்கும் தெரியும்னு உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

தண்ணீர் ஓரத்தில் தளும்பிக்கொண்டிருந்தது.

"மொதல்ல அவகிட்ட சொல்லிடுங்க. அப்புறம் எங்ககிட்ட சொல்லுங்க. வேற யாராவது சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது."

"இது கோச் கேக்குற கேள்வியா அக்கா?"

"கேள்வியே இல்ல மாஸ்டர். அட்வைஸ்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அக்காவுக்கு அதே யோசனை. இப்போதுதான் ஒட்டிக்கொண்டு வருகிற அப்பா மகள் உறவை, தான் ஒரு வாக்கியத்தில் உடைத்துவிட்டால் என்ன செய்வது? சொன்னது சரி என்றும் தோன்றியது. யார் கேட்டார்கள் உன்னை என்றும் தோன்றியது. கணவரிடம் சொன்னபோது அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. "சொல்லிட்ட. இனிமே அவரு பாடு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

மாஸ்டர் அந்த வாரமே மகளிடம் சொல்லிவிட்டார். அவள் கொந்தளித்துப்போனாள். "என்னைக் கேக்காம என்னைப் பத்தி ஊரெல்லாம் பேசியிருக்கீங்க" என்று கதவை அறைந்து சாத்தினாள். மறுபடி பல நாள் மௌனம். பிறகு ஒரு காலை, காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டாளாம்: "அந்தக் கதையில நான் என்ன வேலை பாக்குறேன்?" மூக்குக் கண்ணாடிக் கடை என்றார் மாஸ்டர். நிஜத்தில் அவள் ஒரு பாங்கில் கடன் பிரிவில் இருக்கிறாள். "நான் கண்ணாடி போட்டிருக்கேன்னு கண்ணாடிக் கடையா? வேற ஒண்ணும் தோணலையா உங்களுக்கு?" என்றவள் சிரித்துவிட்டாள். சொல்லலாமா குழுவில் என்று மாஸ்டர் கேட்டார். சொல்லுங்கள், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றாள்.

அடுத்த கடைசி ஞாயிறு மாஸ்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டார்.

சேல்ஸ் மெதுவாகக் கேட்டார்: "அப்போ ஹெட்மாஸ்டர் இல்லவே இல்லையா?" எதிரில் மாஸ்டர் உயிரோடு, தோளும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஆனாலும் துக்கம் விசாரிக்கிற குரல் அது. "நான் அவருக்காகக் கோயிலுக்குக்கூட..." என்று ஆரம்பித்து, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு எழுந்து போய் மாஸ்டரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டில் கோபமும் கொஞ்சம் இருந்தது.

சட்டம் தன் பையை மடியில் வைத்துக்கொண்டார். "உங்க மேல எனக்கு வெறுப்பு இல்ல மாஸ்டர். ஆனா நான் இங்க நம்பி உக்காந்திருந்தேன். இனிமே யாரு எதைச் சொன்னாலும் இது யாரோட கதைன்னு யோசிப்பேன். அப்படி இருந்தா எனக்குக் காது கேக்காது" என்றார். அக்காவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

தப்பு தன்னுடையதுதானோ என்று அக்கா மனசுக்குள் குமைந்தார். சட்டத்துக்கு நான்கு தடவை போன் செய்ய எடுத்து, எடுத்தபடியே வைத்துவிட்டார். குழுவில் ஒரு திருத்தம் வந்தது: சொந்த விஷயத்தையும் கொண்டுவரலாம், ஆனால் சொந்தம் என்று சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் யாரும் கொண்டுவரவில்லை. பிறகு சேல்ஸ் தன் தம்பியைப் பற்றிப் பேசினார். மாஸ்டர் பயந்ததைப் போலவே எல்லோரும் பாவம்தான் பார்த்தார்கள், கேள்விகள் பஞ்சு மாதிரி வந்து விழுந்தன. அதைச் சுட்டிக்காட்டியதும் மாஸ்டரேதான். அதிலிருந்து மெல்லக் கற்றுக்கொண்டார்கள்.

குளிர் விட்ட ஒரு காலையில் சட்டம் போனில் கூப்பிட்டார். நலம் விசாரித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, என் பையன் வெளியூர்ல இருக்கான்ல. எனக்கு போனே பண்ண மாட்டான். மாஸ்டர் அந்த ஹெட்மாஸ்டர் விஷயத்தைச் சொன்னப்போ, நானும் கேள்வி கேக்குறதை நிறுத்திப் பாத்தேன். பேச ஆரம்பிச்சான். அதுக்கப்புறம் அந்த ஆளே பொய்ன்னு தெரிஞ்சதும், என் வீட்டுல நடந்ததும் பொய்யாயிடுமோன்னு ஒரு பயம். பைத்தியக்காரத்தனம்தான்."

"ஆயிடுச்சா?"

"இல்ல. நேத்துகூட ஒரு மணி நேரம் பேசுனான்."

அக்காவுக்கு அட்வைஸ் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டார்.

"குழுவுக்கு இப்போ வர மாட்டேன் அக்கா" என்றார் சட்டம். "ஆனா எனக்கு ஒரு புது கிளையண்ட் வந்திருக்காங்க. நிஜமான கிளையண்ட். உங்ககிட்ட மட்டும் பேசலாமா, செவ்வாய்க்கிழமை, நடந்துக்கிட்டே?"

"வாங்க. பார்க் வடக்கு கேட்டுல நிக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை அக்கா போவதற்கு முன்பே சட்டம் வந்து நின்றிருந்தார், கையில் இரண்டு தண்ணீர் பாட்டிலோடு.