முதல் மூட்டைக்கு முன்னால்

பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று யாராவது பேச்செடுத்தால் நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். அந்தப் பேச்சுப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் வீட்டில் காலையில் அடுப்பு எப்போது பற்றியது என்பதுகூடத் தெரியாது. நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். அதனால் இளக்காரமாகப் பேச எனக்கு முழு உரிமை உண்டு.

யுத்த காலம். தூத்துக்குடித் துறைமுகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. அன்றைக்கெல்லாம் கப்பல் கரைக்கு வராது. வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகளைத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தோணியில் விழுகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு கிழிப்பது என் உத்தியோகம். இதற்குப் பெரிய மூளை வேண்டாம். மிச்சமிருந்த மூளையை வாசகசாலையில் செலவழித்தேன். அங்கே ஒரு பத்திரிகையில் அரைப்பக்கம் படித்தேன். அண்டம் முழுதும் ஆதியில் ஒரே உருண்டையாக இருந்ததாம், வெடித்து விரிந்ததாம், காலமும் அப்போதுதான் பிறந்ததாம். அந்த அரைப்பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஊரையே அறுத்தேன்.

அந்த மாதத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணின் அப்பா கொழும்புக்குப் போய்வரும் தோணியில் தண்டல். தோணி ஆட்களுக்கெல்லாம் தலைவர். அவருக்கு ஒரே மகள். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவசுகாலம். நாற்பது நாள் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தோணியில் பாய் விரிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. புதனுக்கு முன்னால் சரியாக மூன்று ஞாயிறு இருந்தன. மூன்று ஞாயிறும் பூசையில் எங்கள் பெயரை ஓலை வாசித்தால்தான் கல்யாணம்.

ஓலை வாசிக்க, கோயிலில் வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரிடம் சீட்டு வாங்க வேண்டும். அதற்கு அவர் முன்னால் நின்று ஞானோபதேசக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருக்குக் கேள்வியும் மனப்பாடம், பதிலும் மனப்பாடம். கிளிக்குச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருப்பார்.

சனிக்கிழமை காலை. அவள் தன் அம்மாவோடு வந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத் தூணோரம் ஒதுங்கி நின்றாள். அடுத்து நான்.

“உலகம் உண்டாகுமுன் என்ன இருந்தது?”

“சர்வேசுரனைத் தவிர வேறொன்றும் இல்லை.” இவ்வளவுதான் பதில். ஏழு வயதில் மூக்கொழுகச் சொன்ன வரி. ஆனால் தூணோரம் அவள் நிற்கிறாளே, நான் யாரென்று காட்ட வேண்டாமா?

“முன்னாலன்னு ஒண்ணு கிடையாது உபதேசியாரே. காலமே அப்பந்தான் தொடங்குச்சு” என்றேன்.

“அப்பம் சர்வேசுரன் எங்கன இருந்தாரு?”

“தோணியில முதல் மூட்டை விழுகதுக்கு முந்தி எண்ணிக்கை உண்டுமா? அது மாதிரி.”

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். “எண்ணிக்கை இல்ல, சரி. தோணி உண்டுல்லா? அத யாருல செஞ்சது?”

அவர் வாழ்நாளில் சொந்தமாகப் பேசிய ஒரே பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அது என் தலையிலா வந்து விழ வேண்டும்? என் அரைப்பக்கத்தை மனசுக்குள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“சரி, படிச்ச பதிலச் சொல்லுல. சீட்டு எழுதித் தாரேன்” என்றார். அவருக்குக் கோபம்கூட இல்லை. ஒரு வரி சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. “விஞ்ஞானம் தெரியாதவங்ககிட்ட எனக்குப் பேச்சில்ல” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியேறினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை என்று ஒரு சாக்கு உண்டு.

மறுநாள் பூசையில் மற்றவர்கள் பெயரெல்லாம் வாசித்தார்கள். மாமனார் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அந்த உருண்டையை விளக்க ஆரம்பித்தேன். பாவம், பொறுமையாகக் கேட்டார்.

“அது எப்பம் வெடிச்சா என்ன மாப்ளே, புதன் கழிஞ்சா நான் பாய் ஏத்தணுமே” என்றார்.

அடுத்த சனிக்கிழமை போய்க் கைகட்டி நின்று அந்த ஒரு வரியைச் சொன்னேன். சீட்டு கிடைத்தது. ஆனால் மூன்றாவது ஓலை தவசுகாலத்துக்குள் விழுந்தது. தவசுகாலத்திலேயே கல்யாணம் நடத்த, பிஷப் மேற்றிராணியாரிடம் விலக்குக் கேட்கலாம் என்றார்கள். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். என் காரணத்தை எந்த முகத்தோடு சொல்வது? மாமனார் கடலேறிவிட்டார்.

தவசுகாலம் போய்ப் பாஸ்காத் திருநாள் முடிந்தும் தோணி திரும்பவில்லை. யுத்தக் கெடுபிடியில் கொழும்பில் கிடந்தது; அப்புறம் காற்றும் மாறிவிட்டது. ஓலை வாசித்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அவள் அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணம் நடந்தது. அப்பாவின் இடத்தில் சித்தப்பா நின்றார். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

காற்று திரும்பி மாமனார் வந்து சேர்ந்தபோது அவள் மாசமாக இருந்தாள். கொண்டுவந்த பெட்டியைக்கூட அவர் திறக்கவில்லை. “ஏளா, அந்தக் கல்யாணச் சேலையக் கட்டிக்கிட்டு வா, பாப்பம்” என்றார். அவள் கட்டிக்கொண்டு வந்தாள். கொசுவம் வயிற்றில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, “கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல என்னென்ன நடந்துச்சு மாப்ளே? மொதல்ல இருந்து சொல்லும்” என்றார்.

எழுந்து வெளியே போய்விட்டேன். அவள்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.