புளியறைச் சாவி

காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார் என்று அம்மா உறுதியாக நம்பினாள். ஓட்டின்மேல் ஒரு காக்கை உட்கார்ந்து தொண்டையைத் திறந்துவிட்டால் போதும், உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாக விழும். ஆனால் என்னிடம் வந்துபோன விருந்தாளிக்கு மட்டும் எந்தக் காக்கையும் ஒருநாளும் கரைந்ததில்லை. இத்தனைக்கும் அந்தச் சீக்குக்குப் பெயரே காக்கா வலிப்பு.

அதற்கு ‘விருந்தாளி’ என்று பெயர் வைத்தவர் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. அக்கம்பக்கத்தார் காதில் விழுந்தாலும் விளங்கக் கூடாது என்பதற்காக அவர் கண்டுபிடித்த ரகசியச் சொல். நான் சோற்றுத் தட்டின் முன்னாலோ வாசலிலோ வெட்டி இழுத்து விழுந்தால், “விருந்தாளி வந்துட்டாரு” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். உடனே ஆளுக்கொரு இரும்பை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். கையில் இரும்பு இருந்தால் வலிப்பு இறங்கிவிடும் என்பது வீட்டுச் சட்டம். இரும்புக்கும் அதற்கும் என்ன உறவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் பெரியாஸ்பத்திரி டாக்டர் கொடுத்த மாத்திரைக்குத்தான் விருந்தாளி ஓரளவு பயந்தார். ஆனால் அந்த வயதில் நான் கண் விழிக்கும்போது கையில் தோசைக் கரண்டி இருக்கும், சாவிக்கொத்து இருக்கும், ஒரு தடவை பக்கத்து வீட்டு சைக்கிள் பம்பு இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் வந்துபோன சேதியே எனக்குத் தெரியும்.

அடி படுவதைவிட, எப்போது வருவார் என்று தெரியாததுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. எங்கள் திண்டுக்கல் ஸ்டேஷனில் ரயில் வருவதற்கு முன்னால் தண்டவாளத் துண்டில் தட்டி மணி அடிப்பார்கள். எனக்குள்ளும் அப்படி ஒரு மணி இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிழைத்தேன் என்று நம்பினேன். கண் துடித்தால் படுத்துக்கொள்வேன். காது குடைந்தால் படுத்துக்கொள்வேன். நாலாம் வகுப்பில் ஒருநாள் வாய்ப்பாடு சொல்லும்போது கொட்டாவி வந்தது. அதுதான் மணி என்று முடிவு கட்டி, பென்சில் சீவும் கத்தியைக் கையில் இறுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினேன். வந்தது வாத்தியாரின் பிரம்பு. விருந்தாளியோ அடுத்த வாரம், நான் வெகு சந்தோஷமாக மாங்காய் தின்றுகொண்டிருந்தபோது, வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க வந்தார்.

அதோடு பள்ளிக்கூடம் நின்றது. பையன்கள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது எதிர்ச்சாரிக்கு மாறிக்கொண்டார்கள். கிணற்றடி கூடாது, அடுப்படி கூடாது, மாடிப்படி கூடாது, தெரு கூடவே கூடாது. மிச்சமிருந்தது கூடத்தின் நடுவில் ஒரு பாய். அந்தப் பாயில் உட்கார்ந்து எனக்கொரு தாயம் போடுவேன், எதிராளிக்கும் நானே ஒரு தாயம் போடுவேன். பெரும்பாலும் எதிராளிதான் ஜெயிப்பான்.

அந்த நாளில்தான் அக்காவைப் பெண் பார்க்க நெய்க்காரப்பட்டியிலிருந்து ஆட்கள் வருவதாகச் சேதி வந்தது. தென்னந்தோப்பு உள்ள இடம். அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் தம்பிக்கு இப்படி ஒரு சீக்கு என்று தெரிந்தால், ரத்தத்திலேயே இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்கள். அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு என் பாயருகே வந்து குந்தினார்.

“ஏலே அப்பு, அவுக வந்துட்டுப் போற வரைக்கும் புளியறையில இருக்கியா? செத்த நேரந்தேன்.”

அப்பா நத்தம் புளி வாங்கி விற்கிறவர். வீட்டின் பின்கட்டில் இருந்த புளியறைக்கு மாங்காய் அளவில் ஒரு பூட்டு. “நம்ம ஊருப் பூட்டு. இதைத் தெறக்கணும்னா இதோட சாவி வேணும், இல்லாட்டி ஆண்டவன் வேணும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டுவார். அப்பேர்ப்பட்ட அறையில் என்னை வைப்பதென்றால் புளிக்குக் காவலாக்கத்தான் என்று எண்ணி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாயோடு உள்ளே போனேன். வெளியே பூட்டு விழுந்த சத்தத்தில்தான் நிமிர்ந்த நெஞ்சு சரிந்தது. நல்ல சகுனமாக இருக்கட்டும் என்று அப்பா அந்தச் சாவியைச் சாமி படத்தின் முன்னால் வைத்தாராம்.

உள்ளே புளி மூட்டைகளும் நானும். மூச்சு விட்டாலே பல் கூசியது. முன்கட்டில் வண்டி வந்து நின்றதும், செருப்புகள் கழற்றப்பட்டதும், “வாங்க, வாங்க” என்று அப்பா குழைந்ததும் கேட்டன. வடை சுடும் வாசனை சுவரைத் தாண்டி வந்தது. எனக்குக் கண் துடித்தது. படுத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. எழுந்தேன். காது குடைந்தது. மறுபடி படுத்தேன். இப்படியே தோப்புக்கரணத்துக்குப் பதில் படுக்கைக்கரணம் போட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று ஒன்றை நினைத்து நடுங்கினேன். இப்போது வந்தால் யார் வருவார்கள்? கையில் இரும்பைக் கொடுக்க ஆள் ஏது? புளியைக் கையில் வைத்துக்கொண்டால் இறங்குமா?

அப்போது கொல்லைப்புற ஜன்னலில் வளையல் சத்தம். பட்டுச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக அக்கா நின்றாள். எனக்கு அவளைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

கம்பி வழியாகக் கையை நீட்டினாள். “இந்தா, பிடி. கையிலயே வச்சுக்க. யாரு கேட்டாலும் குடுக்காத.”

புளியறைச் சாவி. நல்ல கனம்.

“அக்கா, பயமாருக்கு.”

“எனக்குந்தேன்” என்றாள். பிறகு சிரித்தாள். “அங்கிட்டு அம்புட்டுப் பேரு என்னையப் பாக்க உக்காந்துருக்காக. உன்னைய யாரும் பாக்கல. நீ யோகக்காரன்டா.”

அடுத்து நடந்தது எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் அந்த மாதிரி நேரங்கள் மட்டும் மற்றவர்களிடம் இருக்கின்றன. நான் அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதைச் சின்ன மாமாவிடம் வாங்கினேன்.

அக்கா நமஸ்காரம் பண்ணிவிட்டு உட்காருகிறாள். பின்கட்டில் தகரம் உருளும் சத்தம். தொடர்ந்து தட், தட்டென்று சுவரில் ஏதோ மோதுகிறது.

“ஏனுங்க, உள்ளார ஏதோ சத்தமாட்டம் இருக்குதுங்களே?” என்றாராம் மாப்பிள்ளையின் அப்பா.

அப்பாவுக்கும் அவசரத்தில் அந்த ஊர்ப் பேச்சு தொற்றிக்கொண்டது. “எலிங்க. புளிக்கு வருமுங்க.”

“புளியத் திங்கற எலிங்களா? எங்கூருப் பக்கம் அப்புடிக் கெடயாதுங்க.”

அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து, பழக்க தோஷத்தில், கூடத்தின் நடுவில் நின்று அலறிவிட்டாள்: “அய்யய்யோ, விருந்தாளி வந்துட்டாரு!”

“நாங்க வந்து வடையே தின்னாச்சுங்களே” என்றார் அந்தப் புண்ணியவான்.

சாமி படத்தின் முன்னால் சாவி இல்லை. அப்பா சட்டைப்பையைத் தடவினார், மடியைத் தடவினார், மாமாவின் மடியையும் தடவினார். பிறகு கடப்பாரை வந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்களே மாறி மாறி நெம்பினார்கள். பூட்டு அப்பாவின் பெருமையைக் காப்பாற்றிவிட்டது, கொஞ்சமும் அசையவில்லை.

எனக்கு நினைவு திரும்பியபோது கன்னம் தரையில் ஒட்டியிருந்தது, நாக்கில் ரத்தம். ஜன்னல் முழுக்க முகங்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அப்பாவின் முகம், வேர்த்து ஒழுகிக்கொண்டு. அது அவர் முகம் என்று புரியவே நேரம் பிடித்தது.

“தம்பி, கையில என்னலே? சாவியா? அதை இப்பிடிப் போடுலே, என் அய்யால்ல.”

தலைக்குள் பஞ்சு அடைத்திருந்தது. அந்தப் பஞ்சுக்குள் ஒரே ஒரு குரல் மட்டும் தெளிவாக இருந்தது. யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

“அக்கா வந்தாத்தேன்” என்றேன்.

கெஞ்சினார்கள், அதட்டினார்கள். முறுக்கு ஒன்றைக்கூடக் காட்டினார்கள். நான் கையை இறுக்கிக்கொண்டேன். கடைசியில் அக்கா வந்தாள். தலையைக் குனியாமல், அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு வந்து, கம்பிக்குள் கையை விட்டாள். சாவியை வைத்தேன். அவளே போய்ப் பூட்டைத் திறந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து என் தலையை மடியில் எடுத்து வைத்து, பட்டு முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள்.

“ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறமுங்க” என்று அவர்கள் வண்டி ஏறினார்கள். ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

“சாவிய இவன் கையில குடுத்தது யாரு?” என்று அப்பா கத்தினார்.

“நாந்தேன். இரும்பு கையில இருக்கணும்னு நீங்கதான சொல்லுவீக” என்றாள் அக்கா. அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எனக்கு உலகமே முடிந்துவிட்டது போலிருந்தது. அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான்தான் என்று தேம்பினேன். அவளோ சேலைகூட மாற்றாமல், விருந்துக்குக் கிண்டிய கேசரியைப் பாத்திரத்தோடு புளியறைக்கே தூக்கிவந்து எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய் என்று தின்றாள். தின்றுகொண்டே “புளியத் திங்கற எலிங்களா?” என்று கேட்டுச் சிரித்தாள். என்னைத் தேற்றத்தான் சிரிக்கிறாள், பாவம் என்று நினைத்து, நானும் அழுகைக்கு நடுவே மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

அடுத்த வருஷம் நத்தத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அந்த முறை எனக்குத்தான் முதலில் தலை வாரிப் பவுடர் பூசினாள் அக்கா. கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப்போய், “இவன் என் தம்பி. இவனுக்கு வலிப்பு வரும்” என்று சொல்லிவிட்டுத்தான் நமஸ்காரம் பண்ணினாள். அவர்கள் எழுந்து போகவில்லை. அவள்தான் போனாள், தை மாதம், அந்த வீட்டுக்கு. நான் பாய்க்குத் திரும்பினேன். தாயத்தில் எதிராளி தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தான்.

அன்று அவசரத்தில் கைக்கு அகப்பட்ட இரும்பை எடுத்துவந்து கொடுத்தாள் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சாமி படத்திலிருந்து கொல்லைப்புற ஜன்னலுக்கு வர வேண்டுமென்றால், அடுப்படியில் தொங்கும் தோசைக் கரண்டியையும், கதவோரம் சாய்ந்திருக்கும் அரிவாளையும், கிணற்றடிக் கடப்பாரையையும் தாண்டித்தான் வர வேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.