மூன்று நாள் மான்

ஒன்பது வயதில் நான் மூன்று நாள் மானாக இருந்திருக்கிறேன். விளையாட்டுக்கு இல்லை, வேலையாகவே இருந்தேன். மேலகரத்தில் அம்மா பிறந்த வீட்டின் பின்வாசலில், மாமா கையில் வில்லோடு நிற்பார். நான் கையையும் காலையும் ஊன்றிக் கிணற்றடியிலிருந்து மாட்டுத்தொழுவம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். ஒரு நடைக்கு ஒரு கடலை மிட்டாய் என்று பேச்சு. முட்டி சிராய்த்தால் இன்னொன்று. காலாண்டு விடுமுறை முடிவதற்குள் என் இரண்டு முட்டியிலும் தோல் இல்லை.

மாமா பட்டாளத்தில் இருந்தார். துப்பாக்கி சுடுவதில் பதக்கம் வாங்கியவர். அந்தப் பதக்கம் சாமி படங்களுக்கு நடுவே ஒரு ஆணியில் தொங்கும், விளக்கேற்றும்போது அத்தை அதற்கும் சேர்த்து ஒரு பொட்டு வைப்பாள். ஆனால் ஊரில் அவருக்கு வாய்த்த பெயர் வேறு. "நாட்டக் காக்கான், வைக்கோல் மான்கிட்ட தோத்துட்டு வாரான்" என்று டீக்கடையில் அவர் காதுபடவே சொல்வார்கள். மாமா சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு இருக்காது.

அந்த வைக்கோல் மானைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்துச் சாஸ்தா விஜயதசமி அன்று வேட்டைக்குப் போவார். அவர் கல்லாக உட்கார்ந்திருப்பதால் அவருக்குப் பதிலாக எங்கள் வீட்டு ஆண் ஒருவர் வில்லெடுக்க வேண்டும். காட்டு மானைத் தொட்டால் ஜெயில் என்பதால் மானை நாங்களே செய்துகொள்வோம். மூங்கிலில் கூடு கட்டி, கார் நெல் அறுப்பில் வந்த வைக்கோலைத் திணித்து, மேலே சாக்கைப் போர்த்திச் சணலால் தைத்து, சுண்ணாம்பால் புள்ளி வைப்பார்கள். நெஞ்சுக்குள்ளே, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். அதில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். கலயத்தின் வாயை வாழையிலையால் மூடி நூல் கட்டியிருக்கும். மானைச் சக்கரப் பலகையில் ஏற்றிக் கோயில் திடலில் கயிறு கட்டி இழுப்பார்கள். ஓடுகிற மானுக்கு ஒரே ஓர் அம்பு. கலயம் உடைந்து சிவப்பு ஒழுகினால் சாமியின் வேட்டை பலித்தது. தொடர்ந்து மூன்று வருஷம் பலிக்காவிட்டால் வில் மேல வீட்டுக்குப் போய்விடும். மேல வீடு என்றால் அதே வம்சத்தின் இளைய கிளை. அவர்கள் நாலு தலைமுறையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமாவுக்கு இரண்டு வருஷம் போய்விட்டிருந்தது. முதல் வருஷம் மான் நேரே முகம் காட்டி வரும்போதே எய்தார். அம்பு நெஞ்சு மூங்கிலில் பட்டுத் திரும்பிப் பூசாரியின் காலடியில் விழுந்தது. அடுத்த வருஷம் அவசரப்படக் கூடாது என்று பொறுத்தார், பொறுத்துக்கொண்டே இருந்தார், மான் திரும்பி முதுகைக் காட்டிய பிறகு எய்தார். அது வாலுக்குக் கீழே குத்தி நின்றது. அன்றைக்கு எழுந்த சிரிப்பு குற்றாலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மூன்றாம் வருஷம் லீவில் வந்தபோது மாமாவின் கையில் புது செல்போன் இருந்தது. அதில் வெள்ளைக்காரர்கள் இலை போட்ட சட்டையோடு மரத்தின்மேல் உட்கார்ந்து, பனியில் வருகிற மானை வில்லால் எய்கிற படங்கள் ஓடின. பேச்சு பாதிதான் புரியும், ஆனால் மானை நாலு திசையிலும் நிற்க வைத்து எங்கே எய்ய வேண்டும் என்று வட்டம் போட்டுக் காட்டுவது யாருக்கும் புரியும். மாமா தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். "படிக்கிற காலத்துல இப்படிப் பாத்திருந்தா கலெக்டர் ஆயிருப்பிய" என்றாள் அத்தை.

அப்படித்தான் நான் மானானேன். மலையிலிருந்து சாரல் பொடிப்பொடியாக இறங்கிக்கொண்டிருக்கும். நனைந்ததும் தெரியாது, காய்ந்ததும் தெரியாது. நான் நடப்பேன். மாமா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, எனக்கும் தனக்குமாகப் பேசுவார்.

"இங்கன நில்லு. வலது கைய முன்னால வையி. ஆங், இப்பத்தான் தோளு விலகுது. மூச்சு விடாத."

"மூச்சு விடாம எந்த மான் மாமா நிக்கும்?"

"சரி, விட்டுக்க."

நேரே பார்க்கிற மானை எய்யக் கூடாது, எலும்பு தடுக்கும். முதுகு காட்டுகிற மானை எய்யவே கூடாது, அது பாவமும்கூட. பக்கவாட்டில் நிற்கிற மான் நல்லது, அதிலும் இந்தப் பக்கத்து முன்னங்காலை முன்னே எடுத்து வைத்த கணம். எல்லாவற்றிலும் நல்லது, நம்மைத் தாண்டி இரண்டடி போய், சாய்வாக விலகிப் போகிற மான். அப்போது பக்கத்தில் தெரிகிற காலைப் பார்க்கக் கூடாது. மறுபக்கத்துக் கால் எங்கே இருக்கும் என்று மனதால் பார்த்து, அதைக் குறிவைத்துக் கடைசி விலாவின் வழியாக அம்பை உள்ளே அனுப்ப வேண்டும். "தோல எய்யக் கூடாது, உள்ள இருக்கத எய்யணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். இதெல்லாம் எனக்கு இன்றைக்கும் வாய்ப்பாடுபோல் நினைவிருக்கிறது. வாழ்க்கையில் ஒரு தடவையும் உதவியதில்லை.

இரண்டாம் நாள், வசதியாக இருக்கட்டும் என்று, என் கவுனில் இடது அக்குளுக்குக் கீழே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். அம்பு பூட்டாமல்தான் நாணை இழுப்பார். விட்டதும் டங்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் வட்டத்துக்கு உள்ளே எனக்கு அடித்துக்கொண்டது. எனக்கு நெஞ்சு என்று ஒன்று இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. மாமா வட்டம் போட்டுக் காட்டியதும் தெரிந்துவிட்டது.

மத்தியானங்களில் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு தொழுவத்துக்குப் போய் வைக்கோல் மானின் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். அத்தை அதை முடித்து வைத்திருந்தாள். மாமாவின் பழைய பட்டாளக் கோட்டிலிருந்து இரண்டு பொத்தானை அறுத்துக் கண்ணாகத் தைத்திருந்தாள். எங்கே போய்ப் படுத்தாலும் அந்தக் கண் என்னைப் பார்த்தது. ஈர வைக்கோலின் வாசனையும் மாட்டின் மூச்சும் சாரலின் சத்தமும் சேர்ந்து, நான் தூங்குகிறேனா மான் தூங்குகிறதா என்று தெரியாமல் போகும். மலைக்காட்டில் நாங்கள் இருவரும் மேய்ந்துகொண்டிருப்போம். எங்களுக்கு மேலே எங்கேயோ அருவி விழுந்துகொண்டிருக்கும். அப்படிக் கிடந்த ஒரு மத்தியானத்தில் அதன் விலாவில் காதை வைத்தேன். உள்ளே தண்ணீர் லேசாக அசைந்தது. கலயம்தான் என்று எனக்குத் தெரியும், அத்தை வைத்துத் தைத்ததை உட்கார்ந்து பார்த்தவள்தானே நான். ஆனாலும் அதற்கும் அடிக்கிறது என்றுதான் நினைத்தேன்.

விஜயதசமி அன்று காலையில் அத்தையும் மாமாவும் பொங்கல் வைக்கிற சாமான்களோடு முன்னதாகவே கோயிலுக்குப் போனார்கள். அம்மா சமையலறையில் இருந்தாள். நான் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய் மானின் வயிற்றுத் தையலைப் பிரித்தேன். கையை விட்டுக் கலயத்தைப் பத்திரமாக எடுத்தேன். எங்கே வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மாமா எய்யவே கூடாது என்று சொன்ன இடம் ஒன்றுதான். அதே வழியாகப் பின்பக்கத்து வைக்கோலை நெகிழ்த்தி, வாலுக்கு அடியில் கலயத்தைச் செருகினேன். திரும்பத் தைக்கச் சணல் கிடைக்கவில்லை. அத்தையின் தையல் டப்பாவில் என் பள்ளிக்கூடப் பாவாடைக்கு ஓரம் அடித்த நீல நூல் இருந்தது. அதைக் கோணி ஊசியில் கோத்துக் கோணலும் மாணலுமாகத் தைத்து முடித்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதியில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் திடலில் ஊரே நின்றது. மழை விட்டு, மலை உச்சியில் மட்டும் மேகம் உட்கார்ந்திருந்தது. மாமா வெள்ளை வேட்டியும் குறுக்கே துண்டுமாகச் சாஸ்தாவுக்கு முன்னால் நின்றார். மேல வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். கொட்டு முழங்கியதும் மான் வேப்பமரத்தடியிலிருந்து புறப்பட்டது.

நேரே வந்தது. மாமா எய்யவில்லை. பலிபீடத்தருகே திரும்பிப் பக்கவாட்டில் போனது. அப்போதும் எய்யவில்லை. "இந்தத் தடவையும் தூங்கிட்டான்" என்று யாரோ சொன்னார்கள். மான் அவரைத் தாண்டி, குளத்துப் பக்கமாகச் சாய்வாக விலகியது. டங். அம்பு கடைசி விலாவில் நுழைந்து, இறகு மட்டும் வெளியே தெரிய நின்றது.

நான் மூன்று நாள் மானாக இருந்தவள். எங்கே பட்டது என்று எனக்குத் தெரியும். அதைவிடச் சரியாக ஒருவரால் எய்ய முடியாது.

கொட்டு நின்றது. எல்லாரும் மானின் வயிற்றைப் பார்த்தார்கள். மேல வீட்டு மாமா குனிந்து பார்த்தார். "ஒரு சொட்டுகூட வரலியே" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிழைத்துவிட்டது என்று எனக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். அத்தையின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். கலயத்தைத் தைத்து வைத்த கை அவளுடையது. அவள் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ மாமாவுக்குப் பரிந்து, அம்பில் கோளாறு இருக்கும் என்றார்கள். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று மேல வீட்டு அத்தை பட்டென்று சொன்னாள்.

எய்தவர்தான் அம்பை உருவ வேண்டும் என்பது வழக்கம். மாமா போய் உருவினார். பிறகு மண்டி போட்டு உட்கார்ந்து, அடிவயிற்றின் நீல நூல் தையலை விரலால் தடவினார். தையலுக்கு நடுவே இருந்த இடைவெளியில் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போய், அதற்கும் மேலே போய், கை கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தது. நெஞ்சுப் பக்கம் போகாமல் அது ஏன் பின்பக்கம் போனது என்று நான் யோசிக்கவில்லை. கையை எடுத்ததும் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"குறி தப்பிட்டு" என்றார்.

பலிக்காத மானை அங்கேயே பிரித்து மாட்டுக்குப் போடுவார்கள். மேல வீட்டு மாமா அரிவாளைக் கேட்டார். மாமா குறுக்கே போய் நின்று, துண்டு சுற்றிய கையும் சேர்த்து இரண்டு கையாலும் வில்லை நீட்டினார்.

"வில்ல நீங்க எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. மான நான் ஆத்துல விட்டுட்டு வாரேன்."

நாலு தலைமுறை காத்திருந்தவர்களுக்கு வைக்கோலைப் பற்றி என்ன கவலை. வில்லை வாங்கிக்கொண்டார்கள். அது பிறகு எங்கள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. மாமா ஓய்வு பெற்று வந்து இப்போது தென்காசியில் ஒரு நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். விஜயதசமி வந்தால் இன்றைக்கும் யாராவது அவரைச் சீண்டுவார்கள். "ஆமா, தப்பிட்டுல்லா" என்று சிரிப்பார்.

அன்றைக்கு மானைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சிற்றாற்றுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மானின் வயிற்றையும் பின்பக்கத்தையும் துண்டால் சுற்றிப் போர்த்தியிருந்தார். அதற்குக் குளிரும் என்று நினைத்திருப்பார் போல, மாமா நல்லவர் என்று எண்ணிக்கொண்டேன். மான் மிதந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கோட்டுப் பொத்தான் கண்ணால் எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. காட்டுக்குத்தான் போகிறது என்று நான் நம்பினேன். ஆறு காட்டிலிருந்து வருகிறது என்பது எனக்குத் தோன்றவில்லை.

படித்துறையில் உட்கார்ந்தபோதுதான் மாமாவின் கையைப் பார்த்தேன். விரல்கள் நுனியில் சிவந்திருந்தன.

"அம்பு கீறிட்டா மாமா?"

மாமா கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"எரியுதா?"

"லேசா எரியுது."

அவர் கையை என் மடியில் இழுத்து வைத்து ஊதினேன். ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவினேன். மாமா கையை என்னிடம் கொடுத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. காயத்தைத் தேடினேன், ஒவ்வொரு விரலாகத் தேடியும் கிடைக்கவில்லை. பட்டாளத்துக்காரர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் ஆறிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.