யோகமலர் பேசிய தூஷணம்

விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது யோகமலரின் மகள் துளசியின் அழைப்பு வந்தது. "அன்ரி, அம்மா போயிட்டா," என்றாள். முந்தின நாள் மாலைதான் புத்தளம் ஆஸ்பத்திரியில் நோயாய்க் கிடந்த யோகமலரைப் பார்த்து, "நாளைக்குப் பாணும் சம்பலும் கொண்டாறன் புள்ள," என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். சம்பலுக்குத் துருவிய தேங்காய் அப்படியே கிடந்தது.

இந்த நினைவு மலரை வாசிக்கும் மாதர் சங்கத்துப் பெண்களே, செத்தவீட்டுக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். சந்தியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, அவளைக் கண்காணித்து வந்த அந்த இரண்டு புலனாய்வுக்காரர்களும் நின்றார்கள். சவத்தையுமா காவல் காக்க வேண்டும்?

போர் முடிந்து, இராணுவத்தின் தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு, சின்ன மகளோடு பாலாவியில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் யோகமலர். உப்பளத்தில் வேலை கிடைத்தது. சிங்களம் பேசும் சிலாபப் பக்கத்துப் பெண்களோடு உப்பு வாரிக்கொண்டே சிங்களத்தைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் சங்கத்துக்கு வந்தாலும் வாய்க்குள் ஏதாவது சிங்களச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். "என்ன புள்ள, சோதனையா எழுதப் போற?" என்று பகிடி பண்ணினேன்.

அவள் சிரிக்கவில்லை. அக்கா என்பதற்கு எங்கள் முறைப்படி ராத்தா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். "தடுப்பில அவங்கள் தங்களுக்குள்ள சிங்களத்தில கதைப்பாங்கள், ராத்தா. என்னைப் பற்றித்தான் எண்டு தெரியும். என்ன எண்டு விளங்காது. அதைவிடப் பெரிய பயம் இல்லை," என்றாள். அதன் பிறகு நான் அந்தப் பகிடியை விட்டுவிட்டேன்.

காணாமல் போனவர்களைப் பற்றிய அரசாங்க விசாரணைக்குழு நம் ஊருக்கு வந்த நாளில் உங்களில் பலர் அந்த மண்டபத்தில் இருந்தீர்கள். காணாமல் போன கணவனைப் பற்றித்தான் பேசப் போகிறாள் என்று நாமெல்லாம் நினைத்தோம். அதைச் சொல்லி முடித்தபின் அவள் உட்காரவில்லை. "என்னையும் தடுப்பில கெடுத்தவங்கள். சீருடையோட வந்தவங்கள்," என்றாள். மொழிபெயர்ப்பாளர் பின்வரிசையை ஒருதரம் பார்த்தார். அங்கே புலனாய்வுக்காரர்கள் இருந்தார்கள், உங்களுக்கே தெரியும். பிறகு குழுவிடம் சிங்களத்தில், 'கரதர' கொடுத்தார்களாம் என்றார். கரைச்சல் கொடுத்தார்களாம்! பஸ்ஸில் மிச்சக்காசு தராதவனும் கரைச்சல்தானே கொடுக்கிறான்.

"கரதர நெமெய்!" என்று யோகமலர் கத்தினாள். கரைச்சல் இல்லை என்று அர்த்தம். "தூஷணய!"

நம் தமிழில் தூஷணம் என்றால் கெட்ட வார்த்தை. சிங்களத்திலோ, பெண்ணைப் பலவந்தப்படுத்தும் கொடுமைக்கே அது பெயர். குழுவில் இருந்தவர்களுக்கு விளங்கிவிட்டது, பேனாக்கள் நின்றுவிட்டன. நம் ஆட்களுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. மறுநாள் மீன்கடை வரைக்கும் பேச்சு, யோகமலர் சபையில் தூஷணம் பேசினாளாம் என்று. விளங்கிய பிறகாவது விட்டார்களா? செய்தவனைக் கேட்கவில்லை, சொன்னவளுக்கு வெட்கமில்லையா என்றுதான் கேட்டார்கள். அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் கெடேல்ல ராத்தா. கெட்டது அவங்கள்."

அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. எங்கே போகிறாய், யார் வந்தார்கள், யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரணை. உப்பளத்தில் வேலை இல்லை என்றார்கள். தன் ஊரான வன்னிக்குத் திரும்பினால் அங்கேயும் காவல், இங்கே இருந்தால் அண்ணனின் முகம் கோணும். வீட்டுக் கதவைப் பகலிலும் பூட்டியே வைத்திருந்தாள். ஒருநாள் கடல்நீர் தேங்கும் களப்போரமாக நடந்தபோது, "விழுந்து சாவம் எண்டால் இந்தத் தண்ணியும் முழங்கால் அளவுதான்," என்று சிரித்தாள். "அல்லாஹ்வே, சும்மா இரி புள்ள!" என்று ஏசினேன். ஏசிவிட்டு நானும் சிரித்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச்சொல்லி அவளுடைய அண்ணன் வந்தார். "அந்தக் கதை மட்டும் வேண்டாம் ராத்தா. பிள்ளைக்கு இன்னும் கலியாணம் ஆகேல்ல," என்றார். 'யுத்த காலத்தில் பல இன்னல்களுக்கு முகங்கொடுத்தவர்' என்று ஒரு வரியை அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். அடுத்த நாள் மோட்டார் சைக்கிள்காரர்களும் என் வாசல் படலையில் நின்று, மலரில் என்ன வரப்போகிறது என்று கேட்டார்கள். வீட்டாரும் அவர்களும் விரும்பியது ஒன்றே.

நான் துளசியிடம் போனேன். வாழப்போகிறவள் அவள், அவள் வேண்டாம் என்றால் நான் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். மாமா எழுதிய வரியை வாசித்தாள். வெளியே மோட்டார் சைக்கிள் மெதுவாகப் போகும் சத்தம் கேட்டது. அது தேயும்வரை பொறுத்திருந்து, "இன்னல் நெமெய், அன்ரி," என்றாள்.

எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எழுதும்போதும் சந்தியைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் யோகமலரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த 'நெமெய்' ஒன்றைத்தான். பிழையாகச் சொன்னால் எழுந்து நின்று, அவர்களுடைய மொழியிலேயே, இல்லை என்று சொல்வது.

இந்த மலரை மோட்டார் சைக்கிள்காரர்கள் யாரிடமாவது கொடுத்துச் சிங்களத்தில் மொழிபெயர்க்கச் சொல்வார்கள். ஐயா, அந்த ஆள் நீங்கள் என்றால், இந்த இடத்தைக் கவனமாகச் செய்யுங்கள்: தடுப்பில் யோகமலருக்கு நடந்தது தூஷணய. அவள் மகள் சரிபார்ப்பாள். அவளுக்கும் சிங்களம் தெரியும்.