ஜாகா பாக்கியம்

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் நிலையத்தில் நகரும் படிக்கட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். இரும்புத் தட்டுகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டு, ஒருவர் குழிக்குள் இறங்கிச் சங்கிலிக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார். சூடேறிய கிரீஸ், பழைய ரப்பர், கொஞ்சம் தீய்ந்த மின்கம்பி. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன. முன்னால் போன என் மனைவி பாக்கியம் திரும்பிப் பார்த்தாள்.

“என்னங்க, பிரியாணிக் கடையக் கண்ட மாதிரி நின்னுட்டீங்க?”

எங்களோடு வந்த பேத்தி நிவேதா கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமலே ஒரு கேள்வி கேட்டாள்.

“தாத்தா, புதுசா ஒரு பார்க் தொறந்திருக்காங்க. ஆனா ரைடு மட்டும்தானாம் லா. பூந்தோட்டம், ஷோ, ஒன்னுமே இல்ல. வெறும் ரைடுக்காகப் போறது வொர்த்தா?”

முப்பத்தைந்து வருஷமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். இப்போது, “பாட்டியக் கேளு” என்றேன். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு கதை இருக்கிறது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கிரீஸ் வாசனை எனக்குக் கிள்ளானில் பழக்கமானது. அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து எங்களைக் கிள்ளானுக்கு மாற்றிய வருஷம் எனக்கு ஏழு வயது. அங்கே திடலில் ஃபன் ஃபேர் வந்து இறங்கும். லோரி லோரியாக இரும்பைக் கொட்டி, இரண்டு நாளில் ராட்டினம் எழுப்பிவிடுவார்கள். ஒரு பக்கம் ஜோகெட் நடன மேடையில் பாட்டு, இன்னொரு பக்கம் கச்சாங் பூத்தேக்காரர் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி வறுகடலை போடுவார். எனக்கு அதெல்லாம் கண்ணில் படாது. சங்கிலியில் தொங்கும் நாற்காலிகள் சுற்றிச் சுற்றி மேலே எழும்புமே, அந்த ராட்டினத்துக்கு அடியில் போய் நின்று மூக்கால் கிரீஸை இழுப்பேன். அப்பா குடையைக் கையில் பிடித்தபடி என்னை மட்டும் ஏற்றிவிட்டுக் கீழே நிற்பார். மேலிருந்து பார்த்தால் அவர் வழுக்கைத் தலை ஒரு கோழிமுட்டை அளவுக்குத் தெரியும்.

அந்த வயதிலேயே நான் மனிதர்களைப் பிரித்துவிட்டேன். ஏறுகிறவர்கள் ஒரு சாதி, அண்ணாந்து பார்க்கிறவர்கள் இன்னொரு சாதி. பெற்ற அப்பாவையே கீழ்ச்சாதியில் போட்டுவிட்டு மேலே சுற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு பௌதிகம் படித்து, அதே கிள்ளானில் ஆசிரியர் ஆனேன். தலைகீழாகப் போகும் வண்டியிலிருந்து ஏன் விழமாட்டோம் என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதில் எனக்கு நிகர் நான்தான். வகுப்பில் வாளியில் தண்ணீர் நிரப்பித் தலைக்கு மேல் சுழற்றுவேன். ஒருமுறை கைப்பிடி கழன்று தலைமையாசிரியர் நனைந்தார். அது வேறு கதை.

பாக்கியம் டெங்கில் ஊர்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்யாணமான புதிதில் அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்கள் பயந்தவர்கள் என்பது என் கண்டுபிடிப்பு. பட்டதாரியின் கண்டுபிடிப்பு என்பதால் நான் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

எங்கள் மகனும் மகளும் ஓரளவு வளர்ந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை, பள்ளி விடுமுறையில், கோலாலம்பூருக்கு வெளியே இருந்த ஒரு பூங்காவுக்குப் போவோம். ஈயம் தோண்டிய பழைய குட்டையைச் சுற்றிக் கட்டியது. குட்டையில் படகு விடலாம், அன்னங்களுக்குத் தீனி போடலாம், ஒரு கொட்டகையில் கிளி சைக்கிள் ஓட்டும். “இதெல்லாம் வயசானவங்களுக்கு. பார்க்குன்னா ரைடு. மத்ததெல்லாம் சும்மா” என்று பிள்ளைகளை நேரே உருளும் வண்டிக்கு இழுத்துப் போவேன். அது அந்தக் காலத்தில் பெரிய வண்டி. கடகடவென்று சங்கிலியில் ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, தண்ணீரைப் பார்த்துத் தலைகுப்புற விழும். பாக்கியம் பெஞ்சில் உட்காருவாள். அவளைச் சுற்றி எங்கள் பைகள், செருப்புகள், என் மூக்குக்கண்ணாடி, தூக்குச்சட்டியில் வறுத்த மீகூன் சேமியா. முதல் வருஷம், “நானும் ஏறிப் பாக்கவா?” என்று கேட்டாள். “சேலை சிக்கிக்கும், உனக்குத் தலை சுத்தும்” என்றேன். அவள் தலை சுற்றுமா சுற்றாதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வருஷம் அவள் பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு வந்தாள். அதுவரை அவள் அந்த உடை போட்டு நான் பார்த்ததில்லை. துப்பட்டாவைக்கூட வீட்டில் வைத்துவிட்டாள். எனக்கு உறைக்கவில்லை. “என்ன இது, வங்காளிப் பொம்பள மாதிரி?” என்று கேலி செய்தேன்; இங்கே பஞ்சாபிக்காரர்களை வங்காளி என்பார்கள். அவள் எங்களோடு வரிசையில் வந்து நின்றாள். வெயில். முக்கால் மணி நேரத்துக்கும் மேலே. வரிசை அங்குலம் அங்குலமாக நகர, பிள்ளைகள் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்கள்; அவள் மட்டும் அண்ணாந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை அது விழும்போதும் அவள் குதிகால் தரையிலிருந்து எழும்பியது. இது இப்போது நினைவில் வருகிறது. அப்போது கண் பார்த்தது, மண்டைக்குப் போகவில்லை.

எங்கள் முறை வந்தது. வாசலில் நின்ற மலாய்க்கார இளைஞர் மரியாதையாகத்தான் சொன்னார்: “காக், ராந்தாய் கெனா புக்கா.” அக்கா, சங்கிலியைக் கழற்ற வேண்டும். கழுத்தில் கிடந்தது தாலி. பாக்கியம் கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கழற்றட்டுமா என்று கேட்கும் பார்வை.

நான் சடங்கு சம்பிரதாயம் நம்புகிறவன் அல்ல. ராகு காலத்தில் வீடு குடிபோனவன். “கழட்டி என் சட்டைப் பையில போடு” என்று நான் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் பைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது நானாக இருக்க நான் விரும்பவில்லை. இதுதான் உண்மை, வேறு காரணம் இல்லை. ஆகவே வரிசையே கேட்கும்படி தமிழில் சொன்னேன்:

“தாலியக் கழட்டப் போறியா? ஏன்டி, நான் உசுரோடதானே நிக்கிறேன்?”

பின்னால் நின்ற தமிழ்க் குடும்பங்கள் சிரித்தன. செலாயாங்கிலிருந்து வந்திருந்த ஒருவர், “சார் நல்லா போட்டீங்க” என்று என் தோளைத் தட்டினார். பாக்கியமும் சிரிப்பது போல உதட்டை இழுத்தாள். பிறகு மகளின் பையை வாங்கினாள், மகனின் பையை வாங்கினாள், என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கினாள். வரிசையில் நின்றவர்களை விலக்கி விலக்கி, வந்த வழியே திரும்பிப் போனாள். நான் ஏறினேன். முன் வரிசையில் இடம் கிடைத்தது.

கீழே வந்ததும், “நம்ம ஜாகா எங்கே?” என்று தேடினேன். இங்கே காவலாளியை ஜாகா என்போம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுவே பெயர். ஜாகா பாக்கியம். பிள்ளைகளும் சொன்னார்கள். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து முறை பூங்காக்களுக்குப் போயிருப்போம். அவள் வரிசைப் பக்கமே வரவில்லை. பஞ்சாபி சூட்டையும் நான் மறுபடி பார்க்கவில்லை. யாராவது விசாரித்தால், “அவளுக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத்தான் பிடிக்கும்” என்பேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

எனக்கு இதய அறுவை நடந்து நான்கு வருஷமாகிறது. போன வருஷம் நிவேதா எங்கள் இருவரையும் ஒரு பெரிய பூங்காவுக்கு அழைத்துப் போனாள். உருளும் வண்டியின் வாசலில் இருந்த பலகையில் சிவப்பு இதயம் வரைந்து குறுக்கே கோடு போட்டிருந்தது. இதய நோயாளிகள் ஏறக் கூடாதென்று எனக்குப் புரிய அந்தப் படமே போதுமாக இருந்தது. பாக்கியத்துக்கு எழுபத்தொரு வயது. சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. அன்று நிவேதாவின் டிராக் பேண்டும் டீ சட்டையும் போட்டிருந்தாள். நான் இந்த முறை கேலி செய்யவில்லை.

பைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சுக்கும் வரிசைக்கும் நடுவே இடுப்பளவு கம்பிவேலிதான். முறை வந்ததும், பணியில் இருந்த பெண் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். பாக்கியம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கொக்கியைக் கழற்றினாள். வேலிக்கு மேலே கையை நீட்டினாள்.

“இந்தாங்க.”

“பாக்கியம், அது வந்து…”

“புடிங்க லா, ஆளுங்க நிக்கிறாங்க. பத்திரம். தொலைச்சீங்கன்னா ரெண்டாந்தடவ கட்ட வேண்டியிருக்கும்.”

நிவேதா சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. என் உள்ளங்கையில் தாலி சூடாக இருந்தது. ஐம்பது வருஷம் ஒரு கழுத்தில் கிடந்த சூடு.

வண்டி ஏறியது. முன் இருக்கையில் நரைத்த கொண்டை தெரிந்தது. எனக்குத் தெரிந்த அத்தனை சூத்திரங்களையும் மனதுக்குள் சொன்னேன், ஒன்றும் கைகொடுக்கவில்லை. பௌதிகம் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆறுதல் தராது என்று அன்றுதான் தெரிந்தது. உச்சியில் வண்டி நின்றது. பக்கத்தில் இன்னொரு பைக் குவியலோடு உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர், “உன் மனைவியா?” என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த நேரம் அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள். மற்றவர்கள் வீரிட்டார்கள். அவள் குரல் மட்டும் தனியாக, கனமாக, நீளமாக வந்தது: “ஓஓஓஒய்!”

இறங்கி வந்தபோது கொண்டை அவிழ்ந்திருந்தது. நடையில் தள்ளாட்டம் இல்லை. “என்ன அப்படிக் கத்தின?” என்று கேட்டேன்.

“எஸ்டேட்ல லோரிய அப்படித்தான் கத்தி நிப்பாட்டுவோம். பின்னால தொத்திக்கிட்டே ரப்பர் பால் கொட்டாய் வரைக்கும் போவேன். கங்காணி வெரட்டுவாரு.”

இந்தப் பெண்ணுக்குத் தலை சுற்றும் என்று சொன்னவன் நான்.

அவள் உச்சியில் இருந்த நேரத்தில் நான் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். மன்னிப்பு மாதிரியும் இருக்க வேண்டும், நேரடியாகவும் இருக்கக் கூடாது. வாத்தியார் புத்தி. “பாக்கியம், ரைடு மட்டும் பார்க் இல்ல. இந்தப் பெஞ்சுல உக்காந்தாத்தான் எல்லாமே தெரியுது. எறங்கி வர்றவங்க முகம், சின்னப் பிள்ளைங்க, மரம், காத்து. இத்தனை வருஷம் நீதான் பார்க்கை முழுசா பார்த்திருக்க.”

அவள் கொண்டையை முடிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பெஞ்சப் பத்தி எனக்குப் பாடம் எடுக்குறீங்களா? நான் பாக்காத பெஞ்சா? அதுல ஒன்னுமில்ல. காலு மரத்துப் போவும், அவ்வளோதான்.”

“உனக்குப் பிடிச்சுத்தானே உட்கார்ந்திருந்த?”

“யாரு சொன்னா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. “ஏறினவங்களுக்குத்தான் மரம், காத்து, கிளி எல்லாம் வேணும். ஏறாதவளுக்கு ரைடு ஒன்னு போதும்” என்றாள். நான் தாலியை நீட்டினேன். “உங்ககிட்டயே இருக்கட்டும். இன்னொரு தடவ போயிட்டு வரேன்.” நிவேதா பின்னால் ஓடினாள். அன்று பாக்கியம் மூன்று முறை ஏறினாள். மூன்றாவது முறை நிவேதா தலையைப் பிடித்துக்கொண்டு என்னோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பாக்கியம் தனியாகப் போனாள்.

அவளுக்கு உட்கார்ந்திருக்கத்தான் பிடிக்கும் என்ற என் சமாதானம் அன்றோடு போயிற்று. அது போனதில் நிம்மதிதான். நான் கண்டுபிடித்ததில் பொய்யென்று நிரூபணமான ஒரே சூத்திரம்.

அந்தப் பழைய பூங்கா இப்போது இல்லை. உருளும் வண்டியைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். குட்டையைத் தூர்த்து, அடுக்குமாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். முப்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி வெயிலில் குதிகால் எழும்ப நின்ற இடம் எது என்று இனி யாராலும் காட்ட முடியாது. போன வாரம் சாலாக் செலாத்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அந்த வழியாக வந்தோம். என் மகன் காரை ஓட்டினான். அந்தக் கட்டடங்களைப் பார்த்ததும் நான் அவள் பக்கம் திரும்பினேன். “பாக்கியம், அன்னிக்கு நான் உன்ன…” என்று தொடங்கினேன்.

அவள் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, விரலால் மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, நான் போன உசரம் அந்தப் பதினஞ்சாவது மாடிக்கும் மேல இருக்கும்ல?”