ஸ்டியரிங்கில் இன்னொரு கை

என் மேசை இழுப்பறையில் ஒரு குட்டித் திருப்புளி இருந்த இடம் ஒரு வாரமாகக் காலியாக இருக்கிறது. கடுகளவு முனை கொண்ட அதை வைத்துத்தான் ரிமோட்டில் ஓடும் கையகலப் பொம்மைக் கார்களைப் பிரிப்பேன். கடையில் வரும் சர்க்கியூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, நல்ல மோட்டாரும் ரிசீவரும் வைத்துச் சாலிடர் செய்வது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். சாங்கி விமானநிலையச் சரக்குக் கிடங்கில் வாரமெல்லாம் கன்வேயர் பழுது பார்க்கிறவனுக்கு வீட்டிலும் அதே வேலையா என்று அண்ணன் கேட்பார். அண்ணி கேட்டதில்லை. அவருக்கு எந்த அளவில் இருந்தாலும் வண்டி வண்டிதான்.

அண்ணி பஸ் கேப்டன். சிராங்கூன் ரோடு வழியாகப் பதினேழு வருடம் இரட்டை மாடிப் பேருந்து ஓட்டியவர். ஞாயிறு மாலைகளில் தேக்கா கடைத்தெருவே சாலையில் இறங்கி நடக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஹாரன் அடிக்காமல் பஸ்ஸைக் கொண்டுபோவார். ஒருமுறை அவருக்குப் பின்னால் நின்று கைகளையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவை அசைந்ததே தெரியவில்லை. பிறகு வலது கை நடுங்கத் தொடங்கியது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் டிப்போவில் அவரே போய்ச் சொல்லி, ஓட்டுவதை நிறுத்திவிட்டார். "பின்னாடி அத்தனை பேரு உக்காந்திருக்காங்க தம்பி" என்றார் என்னிடம். அதன்பின் அந்த வழிப் பஸ்ஸில் பயணியாகக்கூட ஏறவில்லை. தேக்காவுக்கு நடந்தே போனார். அது என்னை வருத்தியது.

அவருக்காக ஒரு கார் செய்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ரப்பர் குழாய்களை வளைத்துப் பாதை போட்டு நண்பர்கள் சிலர் ஓட்டுவோம்; அண்ணியும் வரத் தொடங்கினார். ஆனால் கையில் சிறிதாக இருந்த நடுக்கம் தரையில் பெரிதாகத் தெரிந்தது. கார் கோணல்மாணலாகப் போய்க் குழாயில் முட்டும். அண்ணி சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் பேசமாட்டார். எனக்குத் தாங்கவில்லை. அவரிடம் சொல்லாமல் காருக்குள் ஒரு ஜைரோ வைத்தேன். நகத்தளவுச் சாமான், வண்டி தடுமாறினால் தானே எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்கிவிடும். எவ்வளவு திருப்பலாம் என்பதற்கு அதில் கோடு கோடாகக் குறித்த ஒரு திருகு உண்டு. அதை முழுசாக ஏற்றிவைத்தேன். சாலிடரிங் தெரிந்தால் உலகத்தையே சரிசெய்துவிடலாம் என்ற திமிர்.

அடுத்த வாரமே கார் நேராக ஓடியது. "அண்ணி சூப்பர்லா" என்றார்கள் நண்பர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து மாதம் கழித்து மோட்டார் மாற்றக் காரைத் திறந்தேன். ஜைரோவின் திருகு இடது கோடியில், பூஜ்யத்தில் இருந்தது. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் முழுக்கக் கீறல்கள். திருப்புளி வழுக்கி வழுக்கி விழுந்த தடம். யார் கை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் இத்தனை மாதமும் காரை நேராக ஓட்டியது யார்? கல் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டு, வளைவு வருமுன்னே வேகத்தைக் குறைத்து அவர் ஓட்டியதெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பெருமையை மட்டும் என் ஜைரோவுக்குக் கொடுத்திருந்தேன்.

"அண்ணி, இதை நீங்களா திருப்புனீங்க?"

"ஆமா. வளைவுல வேற யாரோ கூடவே ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது வாரமே இறக்கி விட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீ மட்டும் சொல்லிட்டா ஏத்துன?"

வெட்கமாக இருந்தது. கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்லா. எடம் இருக்கு, உக்காந்து வரட்டும்" என்றார்.

அது நடந்து நான்கு வருடமாகிறது. மாத்திரைகள் கூடியிருக்கின்றன. போன ஞாயிறு அதே வளைவில் கார் மூன்று முறை முட்டியது. அண்ணி ஓட்டுவதை நிறுத்திவிட்டு, காரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, அந்த ஆளை ஏத்திக்கலாம்னு பாக்குறேன்."

நான் திருப்புளியை எடுத்தேன். அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். காரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முனை திருகின் பள்ளத்தில் உட்காரும்வரை காத்திருந்தேன். நாலாவது தடவை உட்கார்ந்தது. எவ்வளவு என்று கேட்டேன்.

"ஒரு கோடு போதும். மிச்சத்துக்கு நான் இருக்கேன்."

திருப்பி முடித்ததும் திருப்புளியை என்னிடம் தராமல் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த கோடு எப்பன்னு நான் சொல்றேன். காரைப் பிடிச்சுக்க மட்டும் வா." பையின் ஜிப்பை மூட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பக்கத்திலேயே நின்றேன். கேட்காமல் கை நீட்டவில்லை.